மாட்டுங்காவில் காலைப் பயிற்சி: ஏரோபிக்ஸா, சர்க்யூட்டா?

குழுவாக உடற்பயிற்சி செய்ய 45 நிமிடம் இருந்தால் வார்ம் அப்புக்கு 8, கூல் டவுனுக்கு 7 என்று ஒதுக்குவதில் யாருக்கும் சண்டை இல்லை. நடுவிலுள்ள 30 நிமிடக் கார்டியோவில், அதாவது இதயத் துடிப்பை ஏற்றும் பயிற்சியில்தான், மும்பை மாட்டுங்காவில் எங்கள் கூட்டம் இரண்டு கட்சி.

முதல் கட்சி பாட்டுக்கு ஆடும் ஏரோபிக்ஸ். நிமிடத்துக்கு 130 முதல் 150 வரை தாளம் விழும் பாட்டு, அரைத்தூக்கத்தில் வந்தவரையும் ஆட வைத்துவிடும். ஆனால் வேகம் பாட்டின் கையில். 28 வயது மருமகளுக்கு மிதமாக இருப்பது 63 வயது மாமனாருக்கு மூச்சிரைப்பு; அவரும் கௌரவத்தை விட்டு நிற்க மாட்டார். இன்னொரு சிக்கல்: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மே மாதப் புழுக்கத்துக்குப் பயந்து ஐந்தரைக்கே ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் கூடுகிறவர்கள் என்ன செய்வது?

இரண்டாவது கட்சி சர்க்யூட். ஆறு இடம் குறித்து, இடம் மாறி மாறி ஒவ்வொன்றிலும் 40 விநாடி பயிற்சி, 20 விநாடி ஓய்வு. நான்கு சுற்று, இடையிடையே தண்ணீருக்கு இரண்டிரண்டு நிமிடம். மும்பையின் ஈரக்காற்றில் வியர்வை சீக்கிரம் உலராது, உடல் சூடும் லேசில் இறங்காது. அந்த ஓய்வு இங்கே ஆடம்பரம் அல்ல. இளையவர் குந்தி எழும் ஸ்குவாட் போடும் அதே 40 விநாடியில் பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தால் போதும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் மிதமானது. 220லிருந்து வயதைக் கழித்து, அதையே அதிகபட்ச இதயத் துடிப்பாக வைத்து நாடி பார்ப்பதை நான் நம்புவதில்லை. ரத்த அழுத்தம், இதய நோய்க்குத் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இதயத் துடிப்பே அடங்கித்தான் இருக்கும், அந்தக் கணக்கு பொருந்தாது.

வயது கலந்த கூட்டத்துக்கு என் ஓட்டு சர்க்யூட்டுக்குத்தான். அதன் குறை கடைசியில் தெரியும்: முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கலைந்துவிடுவார்கள். திடீரென்று நின்றால் ரத்தம் கால்களில் தேங்கித் தலை சுற்றலாம். பாட்டுக் கட்சிக்கு இந்தத் தொல்லை இல்லை, மெதுவான பாட்டைப் போட்டால் கால்கள் தாமாகவே தணியும். ஆகவே கூல் டவுனை அவர்களிடமே விடலாம்: 4 நிமிடம் நடை, பிறகு தொடையையும் கெண்டைக்காலையும் 20 விநாடி வீதம் இழுத்துப் பிடித்தல். ஐந்தரைக்குத் தொடங்கியிருந்தால் அதற்குள் மணி ஆறைத் தாண்டிவிடும்; போனிலேயே மெல்லப் பாட்டு வைத்துக்கொள்ளலாம்.