சாயம் பூசிய பால்மரம், மண்ணுக்கடியில் செம்பனைக் குலை: சுங்கை சிப்புட் வட்டாரத்தினர் கவனத்திற்கு

பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் தாமான் குடியிருப்புகளில் வீடு வீடாக வந்து, காய்கறிப் பாத்தி கட்டித் தருவதாக முன்பணம் வாங்கும் ஒரு குத்தகையாளரிடம் எங்கள் குடும்பம் 2,400 ரிங்கிட் ஏமாந்திருக்கிறது. புகார் விசாரணைக்குப் போயிருப்பதால் அவருடைய பெயரை எழுதவில்லை. ஆனால் அந்தப் பாத்திகளுக்குள் என்ன இருந்தது என்பதை இந்த வட்டாரத்தில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மா தோட்ட லயத்தில் இருந்த காலமெல்லாம் வீட்டின் பின்புறம் கீரையும் வெண்டையும் போட்டவர். இப்போது முழங்கால் வலி. குனிந்து மண் கொத்த முடியாது. முக்காலியில் உட்கார்ந்தபடியே களை எடுக்க வசதியாக உயரமான பலகைப் பாத்திகள் வேண்டும் என்று அவரே ஆசைப்பட்டுக் கேட்டார். குளிர்நாடுகளில் இந்த வேலையை வசந்தத்தில் செய்வார்கள். நமக்கு ஆண்டிறுதி மழை ஓய்ந்து, பொங்கல் முடிந்த கையோடு தொடங்கினால் ஏப்ரல் மழைக்குள் செடி வேர் பிடித்துவிடும். அந்தக் கணக்கில்தான் ஆளை அமர்த்தினோம்.

பேசிய பேச்சு இது: நான்கு பாத்திகள். ஒவ்வொன்றும் 8 அடி நீளம், 4 அடி அகலம், 16 அங்குல உயரம். பலகை, கனமும் உறுதியும் உள்ள பலாவ் மரம். மண், மூன்று பங்கு மேல்மண், இரண்டு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு மணல். விவரம் தெரிந்தவர் சொல்லும் கலவையைத்தான் அவரும் தடுமாறாமல் சொன்னார். "பத்து வருடத்துக்கு அசையாது ஐயா" என்று அப்பாவிடம் உறுதி கொடுத்தார். அப்பாவும் அம்மாவும் கிளினிக்குக்குப் போயிருந்த காலை நேரம் பார்த்து மண் நிரப்பும் வேலையை முடித்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது நான்கு பாத்திகளிலும் கறுப்பு மண் விளிம்பு வரை நிரம்பி, பார்க்கவே அழகாக இருந்தது. மீதிப் பணத்தையும் அன்றே வாங்கிக்கொண்டார்.

முதலில் கீரை வெளுத்தது. உரம் போட்டும் பச்சை ஏறவில்லை. கத்தரி நாற்று வைத்த இடத்திலேயே நின்றது. மண்ணுக்குள் விரலை விட்டால் சூடாக இருந்தது. பிறகு பாத்தியின் நடுப்பகுதி உள்வாங்கத் தொடங்கியது. ஓரங்களில் காளான் முளைத்தது. குத்தகையாளரைக் கூப்பிட்டால், "மண் இறங்குவது இயற்கைதான், மேலே இன்னொரு லோரி கொட்டினால் சரியாகிவிடும், 600 ரிங்கிட் ஆகும்" என்றார். அப்பா மண்வெட்டியை எடுத்து ஒரு மூலையைத் தோண்டிவிட்டார்.

மேலே நான்கு விரல் அளவுக்கு மட்டும் மண். அதற்குக் கீழே பழம் உதிர்த்த செம்பனைக் குலைகள், பாதி கூட மக்காதவை. அதற்கும் கீழே உடைந்த ஓடும் சிமெண்டுக் கட்டியும்.

குலை கெட்ட பொருள் அல்ல. ஆலைகளில் எண்ணெய்க்குப் போகும் செம்பனைக் குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இப்படி வெறுங்குலையாகத்தான் வெளியே வருகிறது. தோட்டங்களில் அதை மரத்தடியில் பரப்புவார்கள்; நன்றாக மக்கவைத்தால் நல்ல எருவாகும். ஆனால் மக்காத குலையில் கரிமச்சத்து மிக அதிகம், தழைச்சத்து குறைவு. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை முதலில் எடுத்துக்கொள்ளும். கீரை வெளுத்தது இதனால்தான். மண் சூடானதும், பாத்தி உள்வாங்கியதும் குலை உள்ளே மட்குவதால்.

எனக்கு அதைவிடக் கோபம் வந்தது அடுத்து கண்டதில். குலைகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று, அரைவட்டமாகச் சுருண்ட தடித்த புழுக்கள். காண்டாமிருக வண்டின் புழு. மட்கும் செம்பனைக் குலையும் அடிமரமும் அதற்குப் பிடித்த இடம். வளர்ந்த வண்டு தென்னையின் குருத்தைத் துளைக்கும். பிறகு விரியும் ஓலை கத்தரித்ததுபோல் முக்கோணமாக வெட்டுப்பட்டு நிற்கும். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காய்ப்பில் இருக்கும் தென்னை இரண்டு உண்டு. எங்கள் பணம் போனது ஒரு பக்கம். அவருடைய மரத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து ஆபத்து போயிருக்கும்.

பலகையும் பொய். சாயம் உரிந்த இடத்தில் வெளிறிய மரம், அதில் நீலக்கறுப்புப் பூஞ்சைக் கறை, துளைகளிலிருந்து மாவுபோல் தூள். முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் பாலெடுக்க மரம் சீவிய அப்பாவுக்கு ஒரு பார்வை போதும்: பால்மரம், அதாவது ரப்பர் மரம். மேசை நாற்காலிக்கு அருமையான மரம்தான். அதில் மாவுச்சத்து அதிகம் என்பதால் பூச்சியும் பூஞ்சையும் தேடி வரும். ஆலையில் ஏற்றும் போரான் உப்பு வீட்டுக்குள் காக்கும். மழையிலும் ஈரமண்ணிலும் கரைந்து வெளியேறிவிடும். அந்த மரத்துக்குப் பலாவ் விலை வாங்கியிருக்கிறார்.

சாயம் கண்ணை மறைக்கும், எடையை மறைக்காது. 8 அடி நீளம், 8 அங்குல அகலம், முழு ஓர் அங்குலக் கனமுள்ள காய்ந்த பலாவ் பலகை ஏறக்குறைய 11 கிலோவுக்குக் குறையாது. அதே அளவு பால்மரம் ஏழரைக் கிலோ சுமார். சாயம் பூசாத பலகையைத்தான் இறக்க வேண்டும் என்று முன்பே எழுதி வாங்குங்கள். மண்ணுக்கும் கணக்கு இருக்கிறது. எங்கள் அளவில் ஒரு பாத்திக்கு 42 கன அடிக்கு மேல் வேண்டும். நான்குக்கும் சேர்த்து ஏறக்குறைய 5 கன மீட்டர், எடையில் 5 டன்னுக்குக் குறையாது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்தது ஒரு டன் லோரியில் வந்த ஒரே நடை மண். மண் தரையில் கொட்டிய பிறகு, நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதுதான் பாத்திக்குள் போக வேண்டும். அதுவரை மீதிப் பணம் உங்கள் கையில் இருக்கட்டும்.

குத்தகையாளர் இப்போது போனை எடுப்பதில்லை. அவர் கொடுத்த ரசீதில் தொழில் பதிவு எண்ணும் கிடையாது. இருந்தாலும் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, தோண்டும்போது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறோம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மன்றம் அது. கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், மூன்று ஆண்டுகளுக்குள் மனுப் போட வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை.

இந்த வட்டாரத்தில் கரும்பழுப்புச் சாயம் பூசிய பலகைப் பாத்தியை அண்மையில் கட்டியவர்கள் இந்த வாரமே ஒரு மூலையைத் தோண்டிப் பாருங்கள். குலை இருந்தால் முதலில் படம் எடுங்கள், பிறகு புழுவைப் பொறுக்கி அழியுங்கள். ஒரே ஆளிடம் ஏமாந்தவர்கள் பலர் தனித்தனியே மனுப் போட்டால், "மண் இறங்குவது இயற்கை" என்ற பதிலை அவர் அங்கே சொல்ல முடியாது.