இருவர் பயணத்துக்கு 750 மி.லி. ஸ்டீல் ஃபிளாஸ்க்

புதுமணத் தம்பதி ஒருநாள் வெளியே போய்வர இந்த அளவு கச்சிதம். ஆளுக்கு இரண்டு கப் டீ வரும். பெரிதாக வாங்கிப் பாதி நிரப்பினால் சீக்கிரம் ஆறிவிடும். கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் மூடிவைத்து, கொட்டிய கையோடு டீயைக் கழுத்துவரை நிரப்புங்கள்.

பட்டன் மூடி ஒரு கையால் ஊற்ற வசதிதான். ஆனால் அதன் இடுக்கில் பால் தங்கி வாடை பிடிக்கும், கழுவினாலும் எளிதில் போகாது. என் ஓட்டு திருகு மூடிக்கே. ரப்பர் வளையத்தை ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். வீட்டில் காலி ஃபிளாஸ்க்கைத் திறந்தே வையுங்கள்.

பால் டீ வெதுவெதுப்பாகிவிட்டால் தயவுசெய்து குடிக்க வேண்டாம். கிருமி பெருகும் சூடு அது.

வெந்நீர் ஊற்றிச் சில நிமிடத்தில் வெளிச்சுவர் சுட்டால், இரு சுவர்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம் போய்விட்டது. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. வாங்கிய அன்றே சோதித்து, உடனே மாற்றுங்கள்.