ஜெபெனா செட்: பானைக்கு முழு மார்க், பொடிக்கு முட்டை

ஆன்லைனில் கிடைக்கும் எத்தியோப்பியக் காப்பிச் சடங்கு செட் இது. ஜெபெனா என்ற கறுப்பு மண் காப்பிப் பானை ஒன்று, பிடியில்லாத சினிக் கிண்ணம் ஆறு, அவற்றை அடுக்க ரெக்கெபோட் என்ற குட்டைப் பலகை, தூபக்கால், கூடவே 200 கிராம் வறுத்து அரைத்த பொடி.

பொடியை ஓரங்கட்டிவிடுங்க. அங்கே 'புனா', அதாவது காப்பி, என்றால் வறுக்காத பச்சைக்கொட்டையில்தான் தொடக்கம். வீட்டுப் பெண் விருந்தாளிகள் முன்னாலேயே கொட்டையைக் கழுவி, கரியடுப்பில் வறுத்து, புகையும் சட்டியை ஒவ்வொருவரிடமும் காட்டுவார். அவர்கள் கையால் புகையை முகத்துப் பக்கம் இழுத்து முகர்ந்த பிறகுதான் கொட்டை உரலுக்குப் போகும். செப்டம்பரில் வரும் என்குட்டாடாஷ் புத்தாண்டுக்கும் இதே முறைதான், சாதாரண நாளுக்கும் இதே முறைதான். அரைத்த பொடியைச் சடங்குக்கென்று விற்பது, மாரியம்மன் கோயில் வாசலுக்கு வெந்த பொங்கலைத் தூக்கில் கொண்டுபோவது மாதிரி.

வால்பாறை, ஏற்காடு அரபிகா பச்சைக்கொட்டையே போதும். ஆறு சினிக்கு 60 கிராம். இரும்பு வடச்சட்டியில் மிதமான தீயில் 10 முதல் 12 நிமிடம், கரண்டி நிற்காமல். படபடவென்று வெடித்து அடங்கியதும் இறக்கி முறத்தில் கொட்டிப் புடைக்கணும். சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகும். மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டி, சன்ன ரவைப் பதத்தில் நிறுத்துங்க. மாவாகிவிட்டால் அடியில் படியாது.

ஜெபெனா அருமை. புது மண்சட்டியைப் பழக்குவது போலவே அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி மூன்று நாள் பழக்கணும். வெறும் பானையை கேஸில் வைத்தால் விரிசல் நிச்சயம். தண்ணீர் ஊற்றி, கீழே பழைய தோசைக்கல் வைத்து, சிறு தீயில் ஏற்றுங்க. 450 மில்லி கொதித்ததும் பொடியைப் போட்டு, நுரை கழுத்துக்கு ஏறும்போது இறக்கணும். உருண்டை அடி, தரையில் நிற்காது. செட்டில் வளையம் கிடையாது. நம் பிரிமணை கச்சிதமாகப் பொருந்துகிறது. சற்றுச் சாய்த்து ஐந்து நிமிடம் விட்டால் மண்டி இறங்கிவிடும்.

ஊற்றுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஓரடி உயரத்திலிருந்து ஒரே தாரையாக, கிண்ணத்துக்குக் கிண்ணம் நிமிர்த்தாமல் ஊற்றணும். நிறுத்தி மறுபடி சாய்த்தால் மண்டி கலங்கி வரும்.

அதே மண்டியில் தண்ணீர் சேர்த்து இன்னும் இரண்டு சுற்று. மூன்று சுற்றுக்கும் வரிசையாக அபோல், தோனா, பராக்கா என்று பெயர். மூன்றாவது ஆசீர்வாதச் சுற்று, அதற்கு முன் எழுந்து போவது மரியாதையில்லை. பால் கிடையாது, சர்க்கரை உண்டு. சில பகுதிகளில் உப்போ வெண்ணெயோ போடுவார்கள். வறக்காப்பி குடித்துப் பழகிய நம்மூர்ப் பெரியவர்களுக்கு இது ஒத்துப்போகும். கடிக்க மக்காச்சோளப் பொரி.

தூபக்காலுக்குக் குந்திரிக்கம் வாங்குங்க. கம்ப்யூட்டர் சாம்பிராணி காப்பி வாசனையையே அடித்துவிடும். தரையில் பரப்பும் பச்சைப்புல்லுக்கு அருகம்புல் ஆகும்.

சிறுவாணித் தண்ணீரில் சுவை தெளிவாக வருகிறது. போர்த் தண்ணீரில் புளிப்பு மழுங்குவதோடு பானைக்குள் உப்பும் படியும். அந்தக் குறுகிய கழுத்தில் பிரஷ் நுழையாது. கைப்பிடி அரிசியும் வெந்நீரும் போட்டுக் குலுக்கிக் கழுவுங்க. சோப்பு வேண்டாம், மண் உறிஞ்சிக்கொள்ளும்.

பார்சல் வந்ததும் பானையை விரலால் சுண்டிப் பாருங்க. கணீரென்றால் வைத்துக்கொள்ளலாம். 'டொப்' என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல். அன்றைக்கே திருப்பி அனுப்பிடுங்க.