8,650 ரூபாய்க்கு ஷாக் வாங்கிய கதை

வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது. இடது கையால் தட்டுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டிரில்லிங் மெஷின், கட்டிங் மெஷின் வாங்கும் எண்ணம் இருந்தால் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் வாடகை வீடு. சமையலறைக்கு ஷெல்ஃப், மாடிக்குச் செடித்தொட்டி ஸ்டாண்டு, இரண்டையும் நானே செய்துவிடலாம் என்று போன சனிக்கிழமை எஸ்.ஜே.பி. ரோட்டுப் பக்கம் போனேன். நாலைந்து கடையில் விலை கேட்டுவிட்டு, சந்துக்குள் இருந்த ஒரு சின்ன டூல்ஸ் கடைக்குப் போனேன். நான் போனில் மனைவியிடம் பேசுவதைக் கேட்டுவிட்டு, "அண்ணே, எந்த ஊரு?" என்றார் கடைக்காரர். ஊத்தங்கரை என்றேன். "அட, எனக்கு அரூர்ணே!" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ வந்தது. அங்கேயே நான் விழுந்துவிட்டேன். அடுத்த நாள் விழுந்ததெல்லாம் இரண்டாவது விழுதல்.

அலுமினிய பாடி டிரில் 3,900. நாலு இஞ்ச் கட்டிங் மெஷின் 3,250. இருபது மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 1,500. மொத்தம் 8,650 ரூபாய். "பில் போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி ஏறும்ணே, நமக்குள்ள எதுக்கு? ஏதாச்சும்னா நேரா என்கிட்ட வாங்க" என்றார். மூன்று பின் பிளக்கைக் கையில் எடுத்து, "பாருங்க, எர்த்தோட இருக்கு, பயமே வேண்டாம்" என்று காட்டியும் கொடுத்தார். அந்த மூன்றாவது பின்னைப் பார்த்துத்தான் ஜிபேயில் 8,650 ரூபாயை அனுப்பினேன். பணம் போனது கடைப் பெயருக்கு இல்லை, யாரோ ஒரு பெண் பெயருக்கு. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை. வீடு துடைத்த ஈரம் காயவில்லை. வெறுங்காலோடு இரும்பு ஸ்டூலில் ஏறி (என் முட்டாள்தனம், ஒப்புக்கொள்கிறேன்) இரண்டாவது ஓட்டை போடும்போது கை மெஷினோடு ஒட்டிக்கொண்டது. விட வேண்டும் என்று தெரிகிறது, விரல் விடமாட்டேன் என்கிறது. கத்தக்கூட வரவில்லை. ஸ்டூல் சாய்ந்து நான் விழுந்த இழுப்பில் பிளக் பிடுங்கிக்கொண்டது, அதனால்தான் இன்று இதை எழுதுகிறேன்.

மாலையில் எலக்ட்ரீஷியன் வந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கழற்றினார். எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. வெறும் ஓட்டை. ஒயரில் இரண்டே இழை. பிளேடால் சுரண்டியதும் செப்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளையாக அலுமினியம் வந்தது. அடுத்து டிரில்லின் பின்பக்கத்தைத் திறந்தார். அதிலும் பாடிக்கு எர்த் ஒயர் கொடுக்கவே இல்லை. உள்ளே ஒரு ஒயர் உரசித் தோல் போய் பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. எர்த் இருந்திருந்தால் கரண்ட் அந்த வழியாக இறங்கி, மெயின் போர்டில் இருக்கிற எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக ஆஃப் ஆகிற சுவிட்ச்) விழுந்திருக்கும் என்றார். இல்லாததால் என் கை வழியாக இறங்கியிருக்கிறது. மூன்றாவது ஒயர் வேலையை நான் பார்த்திருக்கிறேன், 8,650 ரூபாய் கொடுத்து.

எம்சிபி இருந்துமா ஷாக் அடித்தது என்று கேட்டேன். அது ஷார்ட்டுக்கும் ஓவர்லோடுக்கும்தான், ஆளுக்கு ஷாக் அடித்தால் எம்சிபிக்குத் தெரியாது, ஷாக்கைத் தடுக்க 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் வெளியே கசிந்தால் உடனே ஆஃப் ஆகிற சுவிட்ச்) வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் அது கிடையாது. ஹவுஸ் ஓனரிடம் கேட்டிருக்கிறேன்.

திங்கள் கடைக்குப் போன் செய்தேன். "உங்க வீட்டு எர்த் சரியில்லண்ணே, செருப்பு போட்டுக்கிட்டு ஓட்டுங்க." எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்துவிட்டார், வீட்டு எர்த் நன்றாக இருக்கிறது என்றேன். "ஓனர் மைசூர் போயிருக்காரு, நாலு மணிக்குக் கூப்பிடுங்க." ஓனரே நீங்கள்தானே ஐயா, சனிக்கிழமை அப்படித்தானே சொன்னீர்கள்? நாலு மணிக்கு எடுக்கவில்லை. செவ்வாய் மாலை கட்டுப் போட்ட கையோடு நேரில் போனேன். முகத்தையே பார்க்காமல் "பில் எல்லி சார்?" (பில் எங்கே சார்?) என்றார். கன்னடத்தில்! அரூர்க்காரருக்கு மூன்று நாளில் தமிழ் மறந்துவிட்டது. ஜிபே ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினேன். அது தன் நம்பரே இல்லை என்று கையை விரித்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டிரில்லை அங்கேயே போட்டு உடைத்திருப்பேன், ஆனால் ஆதாரம் ஆயிற்றே.

1915, தேசிய நுகர்வோர் உதவி எண், அதில் புகார் பதிந்திருக்கிறேன். அவர்களும் முதலில் கேட்டது பில். ஸ்கிரீன்ஷாட், பிரித்துப் போட்ட பாக்ஸின் போட்டோ எல்லாம் அனுப்பியிருக்கிறேன். 8,650 ரூபாய் வருமா என்று தெரியவில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை வலிக்கிறது, சுருக்கமாக: பில் இல்லாமல் வாங்காதீர்கள், ஜிஎஸ்டி ஏறினால் ஏறட்டும். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கிற மெஷினுக்கு இரண்டு பின் போதும், அது டபுள் இன்சுலேஷன், அதாவது இரட்டைக் காப்பு. அந்தக் குறியும் இல்லை, இரும்போ அலுமினியமோ பாடி என்றால் எர்த் கட்டாயம் வேண்டும். பிளக்கைப் பார்த்து நம்பாமல் கடையிலேயே மல்டிமீட்டரால் எர்த் பின்னுக்கும் பாடிக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், மறுத்தால் கிளம்பிவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டி வைத்தபடியே ஓட்டாதீர்கள், சூடேறும். அப்புறம் அந்தக் கட்டிங் மெஷின்: பிளேடை மூடும் பாதுகாப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு மரம் அறுக்கிற பல் பிளேடு மாட்டிக் கொடுத்திருந்தார். மெஷினில் 11,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று இருக்கிறது, பிளேடில் எத்தனை ஆர்பிஎம் தாங்கும் என்று ஒரு எழுத்துகூட இல்லை. அதை நான் ஆன் செய்யவே இல்லை, தப்பித்தேன்.

நாளை மறுநாள் சனிக்கிழமை மறுபடி அந்தக் கடைக்குப் போகிறேன். இந்தத் தடவை ஹவுஸ் ஓனரும் கூட வருகிறார். அவருக்குக் கன்னடம்தான் தாய்மொழி.