வில்பத்தா, யாலவா, மின்னேரியாவா? தண்ணீரைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்

இலங்கையின் உலர் வலயத் தேசியப் பூங்காக்களில் ஜீப்பில் விலங்கு பார்க்க ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால், என் தெரிவு வில்பத்து. சிங்கராஜவையும் ஹோர்ட்டன் சமவெளியையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒன்று ஈர வலய மழைக்காடு, மற்றது 2,000 மீற்றருக்கு மேலுள்ள புல்வெளி. இரண்டும் நடந்து பார்க்க வேண்டியவை.

சிறுத்தை ஒன்றே குறி என்பவர் யாலவுக்கே போகலாம். முதலாம் பிரிவில் அது தென்படும் வாய்ப்பு அதிகம். ஜீப்புகளும் அங்கேதான் முண்டியடிக்கும். வறட்சி முற்றும் செப்டெம்பரில் அந்தப் பிரிவை மூடுவது வழக்கம்.

மின்னேரியாவில் யானைகள் கூடுவது ஓகஸ்ட், செப்டெம்பரில். குளம் வற்ற வற்ற ஈர அடியில் இளம்புல் துளிர்க்கிறது. அதை மேயத்தான் நூற்றுக்கணக்கில் வருகின்றன. பாசனத்துக்காக மேலிருந்து நீர் திறந்து குளம் நிரம்பினால் புல் மூழ்கிவிடும், யானைகள் பக்கத்துக் கவுடுல்ல பூங்காவுக்கு நகர்ந்துவிடும். நீர்மட்டத்தை முதல் நாளே விசாரிக்காமல் கிளம்பாதீர்கள்.

வில்பத்துவின் பலம் வில்லுகள். அணை கட்டாமல், மணல் விளிம்புக்குள் மழைநீர் தானாகத் தேங்கும் ஆழமற்ற பள்ளங்கள் அவை. வடகீழ்ப் பருவமழையில் நிரம்பி, கோடையில் மெல்லச் சுருங்கும். நீர் பின்வாங்கிய இடமெல்லாம் புல். அங்கே புள்ளிமான், ஓரத்துப் பற்றையில் சிறுத்தை. ஒரே குளத்தை நம்பியிராமல் பல வில்லுகள் பரந்து கிடப்பதால், ஒன்று காய்ந்தாலும் இன்னொன்றில் விலங்கு நிற்கும். மே முதல் ஜூலை வரை பாலைப்பழம் பழுக்கும்போது கரடியும் மரத்தடிக்கு வரும்.

ஹுனுவிலகம வாயிலில் காலை ஆறு மணிக்கே நுழைந்துவிடுங்கள். மணற்பாதையில் சிறுத்தையின் தடம் தெரிந்தால் விளிம்பைப் பாருங்கள். கூராக இருந்தால் புதிது. உதிர்ந்திருந்தாலோ மேலே டயர் ஏறியிருந்தாலோ நேரம் கடந்துவிட்டது. புதிதென்றால் இயந்திரத்தை நிறுத்திக் காது கொடுங்கள். மான் ஒருதரம் கத்துவது எதற்கும் இருக்கலாம். விடாமல் கத்தி, மரத்தில் மந்தியும் சேர்ந்தால் சிறுத்தை கிட்டத்தான்.

அரைநாள் பயணம் எடுப்பதுதான் பலரைக் கெடுக்கிறது. வில்லுகள் ஒன்றுக்கொன்று தூரம். பாதி நேரம் ஓடுவதிலேயே போய்விடும். முழுநாள் எடுத்து, சாப்பாடும் தண்ணீரும் கட்டிக்கொண்டு போங்கள். நவம்பர், டிசம்பரில் போகச் சொல்லிப் பரிந்துரைக்க மாட்டேன்: காடெங்கும் தண்ணீர் கிடைப்பதால் விலங்குகள் சிதறிவிடும், பாதைகளும் மூழ்கும்.