வெளிநாட்டுப் பயணத்தில் கைச்செலவுப் பணம்: பல வருடப் பழக்கத்தில் தெரிந்துகொண்டது

வெளிநாடு போகும்போதெல்லாம் ரொக்கம், பிரீபெய்டு பயண கார்டு, டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு, போனில் ஏற்றிய கார்டு என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வந்திருக்கிறேன். பல வருடங்களில் எனக்கென்று ஒரு முறை பழகிவிட்டது. எதைக் கையில் எடுத்தாலும் நான் பார்ப்பது இரண்டுதான்: தொலைந்தால் எவ்வளவு போகும், அதை எவ்வளவு சீக்கிரம் நிறுத்தலாம்.

அந்தக் கணக்கில் அன்றாடச் செலவுக்கு எனக்குப் பிடித்தது பிரீபெய்டு கார்டு. சேமிப்புக் கணக்கோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை. யாராவது திருடினாலும், எங்காவது நம்பரை நகலெடுத்தாலும் அதில் ஏற்றிய தொகைக்கு மேல் போகாது. முழுப் பயணத்துக்கான பணத்தையும் ஒரேயடியாக ஏற்றாமல், மூன்று நான்கு நாள் செலவுக்கு மட்டும் ஏற்றிக்கொண்டு, தீரத் தீர ஆப் வழியாகச் சேர்ப்பேன். என் கார்டின் ஆப்பில் ஏடிஎம், ஆன்லைன், கடை மெஷின் மூன்றையும் தனித்தனியாக நிறுத்தி வைக்கலாம். ஆன்லைன் எப்போதும் நிறுத்தியே இருக்கும். பணம் எடுக்கப் போகும்போது மட்டும் ஏடிஎம்மைத் திறந்துவிட்டு, எடுத்ததும் மூடிவிடுவேன். அரை நிமிட வேலை.

குறையும் உண்டு. ஏற்றிய நாணயம் ஒன்று, செலவழிக்கும் நாணயம் வேறு என்றால் பல கார்டுகளில் தனிக் கட்டணம் விழும். மீந்த பணத்தைத் திரும்ப மாற்றும்போது விலை இன்னும் குறைவு. நீண்ட நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் அதற்கும் சில நிறுவனங்கள் பிடித்துக்கொள்கின்றன. வாங்கும் முன் கட்டணப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

ஹோட்டல், வாடகைக் கார் இரண்டுக்கும் இந்தக் கார்டை நீட்டவே மாட்டேன். அவர்கள் முன்பணமாக ஒரு தொகையைப் பிளாக் செய்வார்கள். கிரெடிட் கார்டில் அது லிமிட்டில்தான் குறையும். டெபிட்டிலோ பிரீபெய்டிலோ உங்கள் சொந்தப் பணமே முடங்கிவிடும். ஒரு ஹோட்டலில் பிளாக் செய்த தொகை, நான் ஊர் திரும்பி வெகு நாள் கழித்துத்தான் விடுவிக்கப்பட்டது. அது கைச்செலவுப் பணமாக இருந்திருந்தால் பயணமே நின்றிருக்கும். அதனால் இந்த இரண்டுக்கும் கிரெடிட் கார்டு. ஆனால் அதே கிரெடிட் கார்டை வைத்து ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள். பெரும்பாலும் கட்டணமும் உண்டு, எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓடும்.

அடுத்தது, திருடனே இல்லாமல் பணம் போகும் இடம். கடையில் கார்டைத் தட்டியதும் மெஷின் திரையில் இரண்டு தொகை வரும்: ஒன்று அந்த நாட்டு நாணயத்தில், இன்னொன்று உங்கள் நாட்டு நாணயத்தில். பழகிய நாணயத்தைப் பார்த்ததும் மனசு அதில்தான் போகும். அதைத் தொட்டால் மாற்று விலையை முடிவு செய்வது உங்கள் வங்கியல்ல, அந்தக் கடைக்கு மெஷின் கொடுத்த தரப்பு. விலையோடு அவர்கள் கூடுதலாக வைக்கும் லாபமும் (மார்க்கப்) சேரும். எப்போதும் அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். கடைக்காரர் கேட்காமலே அழுத்திவிட்டால், அங்கேயே ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். நான் பலமுறை சொல்லியிருக்கிறேன், மறுத்தவர்கள் குறைவு.

ஏடிஎம்மில் இதே விஷயம் இன்னும் குழப்பமாக வரும். 'மாற்று விலையை ஏற்கிறேன்', 'ஏற்கவில்லை' என்று இரண்டு பட்டன். ஏற்கவில்லை என்றால் பணமே வராதோ என்று பயந்து பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். வரும், அந்த மாற்று விலை மட்டும்தான் நிராகரிக்கப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 முதல், இப்படி மாற்றித் தருபவர்கள் ஐரோப்பிய மத்திய வங்கியின் விலையைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்று காட்டியாக வேண்டும் என்பது விதி. கார்டு நிறுவனங்களான விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் தங்கள் மாற்று விலையை இணையதளத்தில் போடுகின்றன. சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

'கமிஷன் இல்லை' என்று எழுதி வைத்திருக்கும் நாணய மாற்று கவுண்டரையும் அப்படியே நம்பிவிட முடியாது. வாங்கும் விலை 80, விற்கும் விலை 92 என்றால் நடுவிலை 86. நீங்கள் 92 கொடுத்து வாங்கும்போது கிட்டத்தட்ட 7 சதவீதம் அங்கேயே போய்விட்டது. விமான நிலையக் கவுண்டர்களில் இந்த இடைவெளி பெரும்பாலும் அதிகம்.

ரொக்கம் தொலைந்தால் தொலைந்ததுதான். அதனால் இறங்கியதும் ஓரிரண்டு நாளுக்குத் தேவையானதைத்தான் வைத்துக்கொள்வேன். நாட்டுக்கு நாடு நிலைமை வேறு. லண்டன் பேருந்துகளில் 2014 முதல் ரொக்கமே வாங்குவதில்லை. ஜப்பானில் சின்னக் கடைகள் சிலவற்றில் இன்றும் ரொக்கம் இல்லாமல் முடியாது. டாலர் எடுத்துப்போனால் கிழிசல், பேனாக் கிறுக்கல், அழுத்தமான மடிப்பு இருக்கிறதா என்று கவுண்டரிலேயே ஒவ்வொரு நோட்டாகப் பாருங்கள். சில நாடுகளில் அப்படிப்பட்ட நோட்டை வாங்கவே மாட்டார்கள். அப்புறம், பெரிய தொகை என்றால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல், ஐரோப்பிய ஒன்றிய எல்லையில் 10,000 யூரோ முதல். இந்த இரண்டு இடங்களிலும் கொண்டுபோகத் தடை இல்லை, அறிவிக்காமல் விடுவதுதான் தவறு.

ஏடிஎம் என்றால் வங்கிக் கிளைக்குள் இருப்பது, அதுவும் வேலை நேரத்தில். கார்டை மெஷின் விழுங்கினால் உள்ளே போய்க் கேட்க ஆள் இருக்கும். உங்கள் பின் நம்பர் ஆறு இலக்கம் என்றால் கிளம்பும் முன் வங்கியிடம் கேளுங்கள்; நான்கு இலக்கம் மட்டுமே ஏற்கும் மெஷின்கள் சில இடங்களில் உண்டு.

போனில் கார்டை ஏற்றிப் பணம் கட்டுவது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. கடைக்கு உண்மையான கார்டு நம்பர் போகாது, அதற்குப் பதில் வேறொரு நம்பர்தான் போகும். ஆனால் ஓடிபி வரும் சிம்மும் அதே போனில்தான் இருக்கிறது. போன் போனால் பணம் கட்டும் வழி, கார்டை நிறுத்தும் வழி, ஓடிபி மூன்றும் சேர்ந்தே போகும். அதற்காகத்தான் இரண்டாவது கார்டு ஒன்றை பர்ஸிலும் பையிலும் வைக்காமல், தங்கும் அறையின் லாக்கரில் வைக்கிறேன். அதோடு ஒரு காகிதத்தில் வங்கியின் வெளிநாட்டுத் தொடர்பு எண். கார்டின் பின்புறம் எண் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்; கார்டு திருடு போனால் அந்த எண்ணும் அதோடு போய்விடும். உள்நாட்டு இலவச எண்கள் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைக்காது, அதனால் நாட்டுக் குறியீட்டோடு உள்ள எண்ணைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஊர் திரும்பியதும் பயண கார்டில் ஏடிஎம், ஆன்லைன், கடை மெஷின் மூன்றையும் ஆப்பில் நிறுத்திவிடுவேன். ஆனால் மீதிப் பணத்தை உடனே எடுப்பதில்லை. சுங்கச்சாவடி, வாடகைக் கார் அபராதம் போன்றவை கிரெடிட் கார்டில் தாமதமாக வரும். விமானத்துக்குள் வாங்கிய பொருள் போன்றவை பயண கார்டிலும் பிறகு வந்து கழியும். ஒரு மாதம் இரண்டு ஸ்டேட்மென்டையும் பார்த்துவிட்டு, தெரியாத வரவு செலவு ஏதும் இல்லை என்றால் அப்புறம்தான் கணக்கை முடிப்பேன்.