கணிதமும் இயற்பியலும் தேர்ந்தெடுக்க ஓர் ஆயத்த வகுப்பு

பி.எஸ்சி. இயற்பியலில் சேரவிருக்கும் மாணவர்களுக்காகக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தனிப்பயிற்சி நிலையம், கல்லூரி திறப்பதற்கு முன் எந்தப் பாடங்களை எடுப்பது என்ற ஆலோசனையோடு ஆயத்த வகுப்பு நடத்துகிறது. இவ்வாண்டு என் அக்காள் மகளை அங்கே சேர்த்திருந்தோம். கட்டணம் 3,000 ரூபாய்.

இயற்பியல், கணிதம் இரண்டின் பாடத்திட்டங்களையும் அருகருகே வைத்து, எந்தப் பகுதிக்கு எந்தக் கணிதம் முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசிரியர் விளக்கிய விதத்துக்கே அந்தக் கட்டணம் தகும். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கணிதம் முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்ப்பதோடு நின்றுவிடுகிறது; கல்லூரி இயற்பியலிலோ தடையுறு அலைவுகளை (வீச்சு குறைந்துகொண்டே போகும் அலைவுகளை) தொட்டவுடன் இரண்டாம் வரிசைச் சமன்பாடு வேண்டும். பல கல்லூரிகளில் அலைடு கணிதத்தின் (துணைப்பாடமாகப் படிக்கும் கணிதத்தின்) முதல் தாள், பிளஸ் டூவிலேயே பார்த்த அணிகளையும் சமன்பாட்டியலையும் மறுபடி எடுத்துக்கொண்டு, வெக்டர் நுண்கணிதத்தை இரண்டாம் தாளுக்குத் தள்ளிவிடுகிறது. எனவே மதிப்பெண் எளிதாக வரும் தாளைத் தேடாமல், அடுத்த செமஸ்டர் இயற்பியல் கேட்கப்போகும் கணிதத்தைத் தேடுங்கள் என்ற அவரது அறிவுரை எனக்கு முழுவதும் ஏற்புடையதே. காஸ் விதியைப் பரப்புத் தொகையீடு தெரியாமல் மனப்பாடம் செய்தவர்கள் மின்காந்தவியலில் படும் பாட்டை நான் அறிவேன். எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வின் இயற்பியல் தாளில் ஃபூரியர் தொடரும் ஸ்டோக்ஸ் தேற்றமும் பாடத்திட்டத்திலேயே இருப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

விருப்பப் பாடங்களைப் பற்றிய அமர்வு மட்டும் அவசரமாக முடிந்தது. புள்ளியியலை ‘சுலபமான தாள்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டார்கள். ஆய்வகத்தில் அளவீட்டுப் பிழையைக் கணக்கிடத் திட்டவிலக்கம் வேண்டும் என்பதைச் சொல்லவே இல்லை. ஒரு பிரிவில் மாணவர் எண்ணிக்கையும் அதிகம். பின்வரிசையில் அமர்ந்தால் கரும்பலகை தெரியாது; தெரிந்தாலும் கேள்வி கேட்க நேரம் கிடைக்காது.

இன்னொன்று: ஆலோசனை முழுவதும் கடலூர்க் கல்லூரிகளின் பாடத்திட்டத்தை ஒட்டியே அமைகிறது. புதுச்சேரிக் கல்லூரியில் சேருவோர், அங்கே உள்ள மைனர் பாட (முதன்மைப் பாடத்தோடு சேர்த்து எடுக்கும் துணைப்பாட) விதிகளையும் பாடத்திட்டத்தையும் அச்செடுத்துக்கொண்டு போய், தனி ஆலோசனைக்கு முன்கூட்டியே நேரம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.